அப்பாவின் ஆடுகள்

போளூரில் தறி வேலை முடிந்த மாலைகளில் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுப்பார். ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை.

தாயத்தில் தோற்றால் கட்டையைத் திட்டலாம். இதில் திட்ட யாரும் இல்லை. சதுரங்கம் போல இரு பக்கமும் சமபலமும் கிடையாது. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வழியை அடைக்க மட்டுமே தெரியும். 15 ஆடும் இறங்கி முடியும்வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. அதனால் முதலில் வைக்கும் இடம்தான் ஆட்டமே.

நான் எப்போதும் புலிதான் கேட்பேன். "ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியா இருந்தாத்தானே புலி தாண்டும்? அங்கே இன்னொரு ஆட்டை நிறுத்திடணும்" என்பார் அப்பா. ஒன்றிரண்டு ஆட்டை விட்டுக்கொடுத்து, என் மூன்று புலிகளையும் முடக்கிவிடுவார்.

தறி ஓடாத மாதங்களில் அவர் குடும்பம் நடத்தியதும் அப்படித்தான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. எங்கள் படிப்பு நிற்கவில்லை. அது எனக்குப் புரியவே நாற்பது வயதாகிவிட்டது.

போன வாரம் பேத்தி புலி கேட்டாள். நான் ஆடு எடுத்தேன். ஆறு ஆடு போய்த் தோற்றேன். அப்பாவின் கை எனக்கு வரவில்லை.