பை காப்பது யார்?

கரீபியன் கடலில் கப்பல் பிரயாணம் போகிறவர்களைக் கடல் படுத்துவதைவிட ஜாபிதா அதிகமாகப் படுத்தும். கப்பல் ஒரு தீவில் நிற்பதோ ஏழெட்டு மணி நேரம். அதற்குள் செய்யக்கூடியவை என்று ஒரு நீளமான பட்டியலைப் படங்களோடு தயாரித்து, விலையையும் பக்கத்தில் போட்டு, நம் கைப்பேசிக்கே அனுப்பிவிடுகிறார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகு, நீர்மூழ்கிக் கப்பல், பாய்மரப் படகு, திருக்கை மீன், நட்சத்திர மீன், பவழப் பாறை! முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில் கடைக்காரர் அத்தனை புடவையையும் விரித்துப் போட்டுவிட்டு, "எதுக்கும்மா பில் போடட்டும்?" என்று கேட்டால் எப்படியிருக்கும்? அதே திகைப்புத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் போன வருஷம் ஜூன் மாதம் எங்களை ஃப்ளாரிடாவிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில் அழைத்துப் போனார்கள். எட்டு வயதுப் பேரன், அவர், நான், ஆக ஐந்து பேர். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கு அறுபத்து மூன்று. கடலுக்கும் எனக்கும் உள்ள சிநேகம் மெரினாவில் கணுக்கால் வரை, ராமேசுவரத்தில் மூன்று முழுக்கு, அவ்வளவுதான்.

ஜாபிதாவை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் பேசினார்கள். எல்லாருடைய ஆசையும் ஸ்நார்க்கலிங்கில் வந்து நின்றது. முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு வளைந்த குழாயைக் கடித்துக்கொண்டு, நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி கீழே உள்ள மீனையும் பவழத்தையும் பார்ப்பதற்கு அப்படிப் பெயர். ஜெர்மானியர் தங்கள் நீர்மூழ்கிக் கப்பலின் காற்றுக் குழாய்க்கு வைத்த பெயர்தான் இந்தக் குழாய்க்கும் வந்ததாம்.

"அத்தை படகிலே உட்கார்ந்து பையைப் பார்த்துப்பாங்க" என்றார் மாப்பிள்ளை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. என் சௌகரியத்தை உத்தேசித்துத்தான் சொன்னார். ஆனால் சகோதரிகளே, இந்தப் பை விவகாரம் உங்களுக்குத் தெரியாததா? குற்றாலத்தில் குடும்பமே அருவிக்கு அடியில் நிற்கும். நாம் சோப்பு டப்பா, நாலு கைக்கடிகாரம், ஆறு செருப்பு இவற்றுக்குக் காவல் இருப்போம். எல்லாரும் குளித்து முடித்துப் பசியோடு வரும்போது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்போம். நாற்பது வருஷமாக அந்த உத்தியோகம் பார்த்தாயிற்று. "அந்த ஜாபிதாவை இப்படிக் கொடுங்க" என்றேன்.

முதலில் எந்தத் துறைமுகம் என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் கப்பல் ஒரு நாள் கிராண்ட் கேமன் தீவிலும் மறுநாள் மெக்ஸிகோவைச் சேர்ந்த கோசுமெல் தீவிலும் நிற்பதாக இருந்தது. பவழப் பாறைக்குக் கோசுமெல்தான் பிரமாதம் என்று மாப்பிள்ளை சொன்னார். வாஸ்தவம். ஆனால் அங்கே பாறையை ஒட்டி நீரோட்டம் ஓடுகிறது. ஓரிடத்தில் நம்மை இறக்கிவிடுவார்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். படகு பின்னாலேயே வந்து வேறோரிடத்தில் ஏற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவர்களுக்குச் சுகமான சவாரி. எனக்கு? ஆடிப்பெருக்கில் மிதந்து போகும் காப்பரிசித் தட்டின் கதிதான்.

கிராண்ட் கேமன் வேறு மாதிரி. நம் பத்திரிகைகளில் பணம் பதுக்குகிறவர்களைப் பற்றி எழுதும்போது அடிபடும் தீவு அதுதான். வங்கிகள் இருக்கட்டும், அதன் வடக்கே ஒரு பெரிய உப்பங்கழி இருக்கிறது. வாயில் ஒரு பவழப் பாறைச் சுவர் நின்று வெளிக்கடலின் அலையைத் தடுத்துவிடுகிறது. உள்ளே ஆழமில்லாத, அசையாத பச்சைத் தண்ணீர். பழைய காலத்தில் மீனவர்கள் அந்த அமைதியான இடத்தில் படகை நிறுத்திப் பிடித்த மீனை அரிந்து, கழிவைக் கடலில் எறிவார்களாம். அதைத் தின்னத் திருக்கை மீன்கள் கூடின. மீனவர்கள் போன பிறகும் திருக்கைகள் போகவில்லை. 1980-களில் முக்குளிப்பவர்கள் வந்து தீனி கொடுத்துப் பழக்கினார்கள். இன்று நடுக்கடல் போன்ற இடத்தில் இடுப்பளவு ஆழமுள்ள மணல் திட்டில் மனிதர்கள் நிற்க, அவர்கள் காலைச் சுற்றித் திருக்கைகள் வளைய வருகின்றன.

நிற்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த வார்த்தை. தைரியம் போனால் காலை ஊன்றிக்கொள்ளலாமே!

அடுத்த பெரிய கேள்வி, பயணத்தைக் கப்பல்காரர்களிடமே வாங்குவதா, தீவில் உள்ள படகுக்காரர்களிடம் நேராகப் பேசிக்கொள்வதா என்பது. கப்பலில் வாங்கினால் விலை கூடுதல்; ஆள் கூட்டமும் கூடுதல். ஆனால் அந்தப் படகு தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். வெளியில் வாங்கினால் காத்திருக்காது. நாம் கரையில் நின்று கையை ஆட்ட வேண்டியதுதான். இன்னொன்று: கடல் கொந்தளித்தால் கப்பல் அந்தத் தீவில் நிற்காமலே போய்விடும். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறைமேடை கிடையாது. நடுவில் நங்கூரம் பாய்ச்சிவிட்டுச் சிறு படகுகளில்தான் நம்மைக் கரை சேர்க்கிறார்கள். துறைமேடை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் அந்தத் தீவு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் பெண் கப்பல் பக்கம். மாப்பிள்ளை தீவுப் படகு பக்கம். நான் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்தேன். பணத்துக்காக அல்ல. அறுபது பேர் ஏறும் படகில் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கும் ஒரு கிழவியின் கையை யார் பிடித்துக்கொள்வார்கள்? பன்னிரண்டு பேர் போகும் படகானால் ஓர் ஆளாவது என்னைக் கவனிப்பான். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டேன்: கடைசிச் சிறு படகு கரையை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற காலைப் பயணமாக இருக்க வேண்டும். மாலைப் பயணம் இலவசமென்றாலும் வேண்டாம்.

படகுக்காரருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். உங்கள் ஆள் எங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, படகின் மேலேயே நிற்பாரா? ஏறி இறங்க ஏணி உண்டா? நிழல் உண்டா? கழிப்பறை உண்டா? (கடைசிக் கேள்விக்குப் பேரன் சிரித்தான். அவனுக்கென்ன தெரியும்!) கப்பல் நிற்காவிட்டால் பணம் திரும்புமா? மூன்று பேருக்கு எழுதியதில் ஒருவர்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டார். "அவரையே பேசிவிடுங்க" என்றேன். எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் புகழ்ந்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பதில் போடுகிற மனிதரை நம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடிகார சமாசாரம் ஒன்றுண்டு. கோடையில் ஃப்ளாரிடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். கேமனில் வருஷம் முழுவதும் ஒரே நேரம்தான். எங்கள் கப்பல் ஃப்ளாரிடா நேரத்திலேயே ஓடியது. கரையில் இறங்கினதும் கைப்பேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. கப்பலில் மணி மூன்று. கைப்பேசி இரண்டு என்கிறது! ஆகவே, அவருடைய பழைய ஹெச்.எம்.டி. கடிகாரத்துக்குத்தான் அன்று மரியாதை. அதைக் கப்பல் நேரத்தில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

என்ன உடுத்திக்கொண்டேன் என்று கேட்பீர்கள். புடவையும் துப்பட்டாவும் கூடவே கூடாது. நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், ஏணியில் மாட்டும். நீச்சலுக்கென்றே முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை இறுகின கால்சட்டையும் விற்கிறார்கள். மானத்துக்கு மானம், வெயிலுக்கு வெயில் காப்பு. உடம்பில் பூசும் வெயில் தைலத்தில் பாதி மிச்சம். சில தைலங்களில் உள்ள ரசாயனம் பவழத்துக்கு ஆகாது என்று அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 முதல் அவற்றைத் தடுத்தே இருக்கிறார்கள்.

இனி, அவர் விஷயம். அவர் சின்ன வயதில் காவேரியில் புது வெள்ளத்தில் அக்கரைக்கு நீந்தினவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதையைக் கேட்கிறேன். "நீங்கள்ளாம் மணல்லே நில்லுங்க, நான் பாறைப் பக்கம் போயிட்டு வரேன்" என்று கப்பல் ஏறின நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையில் இருதய டாக்டரைக் கிளம்புமுன் நான் கேட்டிருந்தேன். இடுப்பளவு நீரில் நிற்கட்டும், குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நீந்த வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

காரணம் உண்டு. குழாய் வழியாக மூச்சை இழுக்கச் சாதாரணத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கிறது. பலமாக இழுக்க இழுக்கச் சிலருக்கு நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம் என்று ஹவாய் தீவுகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இதில் பயங்கரம் என்னவென்றால், முழுகுகிறவர் கூச்சல் போடுவதில்லை, கையை உதறுவதில்லை; சும்மா மிதக்கிற மாதிரியே இருக்கும். பக்கத்தில் இருப்பவர், மீன் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

படகில் ஏறினதும் ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தார்கள். 'இருதய நோய் உண்டா?' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றது.

"அதெல்லாம் சரியாப் போச்சே. இல்லைன்னு போட்டா என்ன?" என்றார் மெதுவாக.

"உண்டுன்னு போடுங்க."

"போட்டா இறங்க விடமாட்டான்."

"மணல் திட்டிலே விடுவான். பாறைப் பக்கம் நீங்க இறங்கினா நானும் இறங்க மாட்டேன். ரெண்டு பேருமா உட்கார்ந்து பையைப் பார்த்துக்கலாம்."

பெண்ணும் மாப்பிள்ளையும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் மணல் திட்டு வரும் வரை என்னோடு பேசவில்லை. முகம் உம்மென்று இருந்தது. எனக்கும் மனசு சங்கடப்பட்டது. காவேரியை நீந்தினவரை ஃபாரத்தில் நோயாளி என்று எழுத வைப்பது லேசான காரியமா?

மணல் திட்டில் எல்லாருமே இறங்கினோம். திருக்கை என்றால் எனக்குக் கதைகளில் வரும் ஜமீன்தாரின் திருக்கைவால் சவுக்குத்தான் ஞாபகம். ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் இர்வின் 2006-ல் திருக்கை முள் குத்தி இறந்தது வேறு அவருக்கு நினைவு வந்துவிட்டது. உடனே வாய் திறந்து அதைச் சொன்னார். முள் வாலில் இருக்கிறது, மிதித்தால்தான் ஆபத்து, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள் என்று படகுக்காரப் பையன் காட்டிக் கொடுத்தான். கோலத்தை மிதிக்காமல் நடக்கிற ஜாக்கிரதையோடு நடந்தேன். முறம் அகலத்துக்கு ஒன்று வந்து முழங்காலில் உராய்ந்து போயிற்று. நனைந்த வெல்வெட் போல் இருந்தது! பெண் திருக்கைகள்தாம் பெரிசு. ஆண்கள் அதில் பாதிகூட இல்லை. இதைக் கேட்டதும் என் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நான் தொட்டதோடு சரி.

அந்தத் திட்டிலேயே, நின்ற நிலையில், பையன் எனக்குக் குழாய் பழக்கினான். முகத்தை மட்டும் தண்ணீரில் வை, பத்து எண்ணு, எழுந்திரு. கண்ணாடி புகை பிடிக்காமலிருக்க எச்சில் துப்பித் தேய்க்க வேண்டுமாம். ஆசாரத்தை அப்போதைக்குக் கப்பலில் விட்டு வந்ததாக வைத்துக்கொண்டேன். எட்டாம் தடவை எண்ணிக்கை மறந்து போயிற்று.

பிறகு படகு பவழத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே தலைக்கு மேல் ஆழம். மிதவைச் சட்டையோடு, பையன் பிடித்துக்கொண்ட வட்ட மிதவையின் கயிற்றைப் பற்றியபடி நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை.

படத்தில் பார்த்த வர்ணமெல்லாம் நேரில் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2020-ல் கேமனில் பவழத்துக்கு ஒரு நோய் வந்தது. 2023 கோடையில் கரீபியன் கடல் சுட்டுப் பல பவழங்கள் வெளுத்துப் போயின. வெள்ளையாக, எலும்பு மாதிரி நின்ற இடங்களைப் பார்த்தேன். ஆனால் அவற்றின் நடுவே ஊதா விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன. கிளிமூக்கு மீன் ஒன்று பாறையை நறநறவென்று கொறித்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது! கொறித்த பாறையை அது மணலாக வெளியே விடுகிறது; அந்தக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதானாம். பேரனுக்கு அன்று முழுவதும் அதே பேச்சு.

கால் மணி கழித்து ஏணியில் ஏறினேன். அவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் கைப்பை, தோளில் பெண்ணின் பை, காலடியில் நாலு ஜோடி செருப்பு, மணிக்கட்டில் கப்பல் நேரம். துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"என்ன பார்த்தே?" என்றார்.

உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னேன். கிளிமூக்கு மீனை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.