தேக்கடியில் ஓர் இரவு

வாளையாரில் குடியிருப்பவர்கள் காட்டைப் பார்க்க வெளியூர் போகவேண்டிய அவசியமில்லை. வாசலில் நின்று வடக்கே நோக்கினால் மலை. இராக்காலங்களில் தென்னந்தோப்புப் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டால் யானை இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியிருக்க, யானை பார்ப்பதற்கென்று சீட்டுப் பணத்தைச் செலவழித்துத் தேக்கடிக்குப் போய் வந்தோம் என்றால், இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பத்தார் நகைக்கக்கூடும். எங்கள் அயலார் நகைத்தே விட்டார்கள்.

நாங்கள் என்றால் இருவர். ஒருவர் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். மற்றவர் அவருடைய இல்லத்தரசி. மணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணம், காதுகுத்து, துக்கம் இவற்றுக்கன்றி இருவர் மட்டுமாக எங்கும் சென்றதில்லை. பிரயாணத்துக்கு இலவசப் பாஸ் உண்டு. பிரயாணம் செய்ய வேளைதான் வாய்த்ததில்லை.

புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இரவு, எங்கள் ஊருக்கு அப்பால் நவக்கரை அருகே, மங்களூர் – சென்னை விரைவு வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் மாண்டன. மறுநாள் அண்டைவீட்டுப் பெண்களோடு இல்லத்தரசியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சமையற்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்பொழுது குமாஸ்தா, "ரயில் என்ன செய்யும்? பிரேக் போட்ட மாத்திரத்தில் நிற்பதற்கு அது சைக்கிளா?" என்றார்.

சொன்னது பொய்யன்று. அத்தனை டன் எடையும் வேகமுமாக வரும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த எவராலும் இயலாது. இருளில், வளைவில், சாம்பல் நிற உடம்பு விளக்கொளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஓட்டுநரும் பிள்ளைகுட்டிக்காரர்தாம், அவருக்கும் பல நாள் உறக்கம் வராது. இவை யாவும் உண்மை. ஆயினும் அந்த நேரத்தில் சொல்லத்தக்க வார்த்தை அதுவன்று. அதுவரை "நம்ம வண்டி" என்று பேசிவந்தவர் அன்று முதல் "உங்க வண்டி" என்று சொல்லத் தொடங்கினார். சண்டை என்று ஒன்றும் இல்லை. சோறு, குழம்பு, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. அந்த ஒரு சொல் மட்டும் மாறியது மாறியதுதான்.

சீட்டு விழுந்தபோது வளையல் வாங்குவதாகத்தான் யோசனை. "வளையல் வேண்டாம், உயிரோடு இருக்கிற யானையை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும்" என்றார் அவர்.

குழந்தைகளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் கிளம்பினோம். பாலக்காட்டில் வண்டியேறிப் பொள்ளாச்சி, பழனி வழியாகத் திண்டுக்கல். குமுளிக்கு ரயில் கிடையாது. ஆகவே திண்டுக்கல்லில் இறங்கிப் பஸ்ஸில் ஏறவேண்டியதாயிற்று. ரயில்வேக்காரர் பஸ்ஸில் படும் துன்பத்தைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம். தேனியைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்தபின் திராட்சைப் பந்தலும் தென்னையும் நெல்வயலுமாக மனம் குளிர்ந்தது. அந்த நீரெல்லாம் மலைக்கு அப்பாலிருந்து வருவது. பென்னிகுக் துரையின் படத்தை அங்கே கடைகளிலும் வீடுகளிலும் சாமி படத்தோடு மாட்டி வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ஆம் ஆண்டு திறந்த அவருடைய மணிமண்டபம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் மலையேற்றம். ஏறி முடித்தால் குமுளி, சோதனைச் சாவடி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசும் அந்தக் கடைத்தெரு எங்களுக்கு வாளையாரைப் போலவே இருந்தது.

நாங்கள் தங்கிய இடத்துக்கு லேக் பேலஸ் என்று பெயர். பழைய பெயர் எடப்பாளையம் அரண்மனை. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் கோடைக்கால வாசத்துக்கு உரியதாக இருந்தது. இப்பொழுது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. மொத்தம் ஆறே அறைகள். படகிலேதான் போகவேண்டும். நான்கு மணிக்குமேல் படகு கிடையாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கே இன்றுவரை சொல்லவில்லை.

படகில் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இந்த ஏரியில் 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டது நினைவுக்கு வர, இல்லத்தரசி நாடாவை இருமுறை இழுத்துக் கட்டிக்கொண்டார். தண்ணீரிலே கரிய மரக்கட்டைகள் நட்டுவைத்த கம்பங்களைப்போல நின்றன. அணை கட்டி முடிந்தது 1895-இல். அப்போது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விழாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது.

மதுரைச் சீமையின் வறட்சிக்காக ஆற்றை மறித்தார்கள், பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. வயலுக்கென்று தேக்கிய நீர் யானைக்கும் கோடையில் தாகம் தீர்த்தது. 1933-இல் ராபின்சன் என்பவரை வனவிலங்குக் காவலராக நியமித்த திருவிதாங்கூர் அரசு, மறு ஆண்டே ஏரியைச் சுற்றிய காட்டைச் சரணாலயமாக அறிவித்தது. 1978-இல் புலிகள் காப்பகம், 1982-இல் அதன் உட்பகுதி தேசியப் பூங்கா என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்கள் சிலர் மனம்மாறி, இன்று அதே காட்டுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய செய்தியாகப் பட்டது.

மாளிகையைச் சுற்றி அகழி. அதைத் தாண்டி நாங்கள் கால்வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் யானையை வெளியே நிறுத்தத்தான் வேலியும் குழியும். அங்கே மனிதரை உள்ளே வைத்திருக்கிறார்கள். தாழ்வாரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். முதலில் மிளா ஒன்று வந்தது. அதன்பின் எதிர்க்கரையில் புல்லுக்கு நடுவே பாறைகள் அசைந்தன. பாறையன்று, யானைகள். ஏழு பெரியவை, ஒரு குட்டி. குட்டி வந்த வேகத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தது. ஒருத்தி காலால் முட்டுக்கொடுத்து எழுப்பிவிட்டாள். தண்ணீர் குடித்தன, மண்ணை வாரி முதுகில் இறைத்துக்கொண்டன, சும்மாவும் நின்றன. அவசரம் என்பதே அங்கே இல்லை.

குமாஸ்தாவின் கை தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்திருந்தது. வந்தது 5.38; போனது 6.21. உத்தியோகப் பழக்கம். இல்லத்தரசி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, எத்தனை நிமிஷம் தாமதம்?"

அவர் பரிகாசமாகத்தான் கேட்டார். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டியபின், நாலு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வண்டிகளின் தாமதக் கணக்கில் காரணம் எழுதும் இடத்தில் யானை என்று எழுதி, நிமிஷத்தைக் குறித்துக் கூட்டல் போடுவதும் அவர் வேலையில் ஒரு பகுதி. அந்த நவம்பரில் அந்தச் சொல்லை எழுதும்போது கை நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று வெட்கப்பட்டுச் சட்டென்று எழுதிமுடித்தார். அந்த வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தவர் வாய் திறக்கவில்லை.

இல்லத்தரசி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். ஏரிப்பக்கம் ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவிற்று. கொசு கடித்தது. அரண்மனையிலும் கொசு கடிக்கத்தான் செய்கிறது.

ஊர் திரும்பும்போது ஞாயிறு நள்ளிரவாகிவிட்டது. எங்கள் பக்கத்திலும் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. யானைகள் கடக்க இருப்புப்பாதையின் அடியில் வழி அமைத்திருக்கிறார்கள். மதுக்கரைப் பகுதியில் 2024 பிப்ரவரி முதல், தமிழக வனத்துறையார் கோபுரங்களில் வைத்த கேமராக்கள் யானை நெருங்குவதைக் கண்டு தகவல் அனுப்புகின்றன. இரவில் வேகம் குறைத்து ஓட்டவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இவற்றால் தாமதம் ஏற்படுவதும் உண்டு. குமாஸ்தாதான் கணக்கு எழுதுகிறார்.

படுத்த சற்றுநேரத்தில் வடக்கே ஊதல் கேட்டது. வழக்கமாக ஒரு மூச்சில் கடந்துபோகும் சத்தம் அன்று நீண்டுகொண்டே இருந்தது. உறங்கிவிட்டார் என்று நினைத்த இல்லத்தரசி இருட்டில் பேசினார்.

"நம்ம வண்டி மெதுவாத்தானுங்க போகுது."