எத்தனை பேர்?

ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று தினமும் வரவு இடாப்பில் கூட்டி எழுதுகிறவன் நான். அதனால்தானோ என்னவோ, ட்ரேஸி சோவின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவின் பின்ட்ரெஸ்ட் நிறுவனத்தில் மென்பொருள் பொறியியலாளராக இருந்தவர் அவர். நமது துறையில் பெண் பொறியியலாளர்கள் எத்தனை பேர், கணக்கு எங்கே என்று 2013இல் எழுதிக் கேட்டார். எதையும் அளந்து பார்க்கும் கம்பனிகள் அப்போது இதை மட்டும் பெரும்பாலும் வெளியே சொல்லவில்லை. அவர் யாவரும் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணையைத் திறந்து வைத்தார். பல நிறுவன ஊழியர்கள் தத்தமது எண்ணிக்கையை அதில் சேர்த்தார்கள். 2014இல் கூகுளும் தன் கணக்கை வெளியிட்டது. தொழில்நுட்பப் பணிகளில் பெண்கள் 17 வீதம்தான்! 2016இல் எலன் பாவோ முதலிய பெண்களுடன் சேர்ந்து 'புரொஜெக்ட் இன்க்ளூட்' அமைப்பைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோரையும் உள்வாங்கி நடப்பது எப்படி என்று நிறுவனங்களுக்கு வழிகாட்டும் அமைப்பு அது. பொறியியலை விட்டு விலகிய வேலையாக எனக்கு அது படவில்லை.

என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. வகுப்பில் 14 பேர், பெண்பிள்ளைகள் 3. 'பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இஞ்சினியரிங்?' என்று உறவுக்குள் கேட்கிறார்கள். நான் சோவின் கதையைச் சொன்னேன்.

"வாப்பா, வேலைக்குச் சேர்ந்தவங்களில எத்தனை பேர் விடாம நிண்டாங்க?" என்றாள்.

அதையும் எண்ணச் சொல்லித்தான் அவர்கள் கேட்கிறார்கள், மகள்.