கப்பல் ஏறிய கால்வாயும் எறும்புக் கிண்ணமும்

பனாமா கால்வாயில் கப்பலில் போய் வந்தேன் என்றால், எங்கள் செஞ்சியில் முதலில் கேட்கிற கேள்வி, "எவ்வளவு செலவாச்சு?" என்பதுதான். செலவு, அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருடையது. அவரிடம் போய்க் கேட்க முடியுமா? ஆனால் நான் அங்கே தெரிந்துகொண்டு வந்த ஒரு விஷயத்தை, கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்பே ஓர் ஊசி காத்திருந்தது. பனாமா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினால்தான் நம் நாட்டுக்குள் விடுவார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். "நம்ம நாட்டுல இல்லாத காய்ச்சலுக்கு எதுக்கு இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்டேன். "காய்ச்சல் இல்லைம்மா, ஆனா அதைப் பரப்புற கொசு இங்கே நிறைய இருக்கு. டெங்குவைப் பரப்புற அதே கொசுதான்" என்றார் நர்ஸ்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், என் சின்ன மகள் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று தினமும் ரிசல்ட்டுக்காகக் காத்து நின்ற அந்தத் தவிப்பு, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஃப்ளோரிடாவில் ஏறிய கப்பல், ஒரு விடியற்காலையில் கால்வாய் வாசலுக்கு வந்தது. அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கும் 82 கிலோமீட்டர் கால்வாய் இது. நடுவிலே கட்டூன் ஏரி, கடல் மட்டத்துக்கு 85 அடி மேலே இருக்கிறது. கப்பல் எப்படி அவ்வளவு உயரம் ஏறும் என்கிறீர்களா? குழந்தை குளிக்கிற டப்பில் தண்ணீர் நிறைய நிறைய, பொம்மை வாத்து மேலே வருமில்லையா? அதே கதைதான். பெரிய தொட்டி ஒன்றுக்குள் கப்பல் நுழைந்ததும் பின்னால் கதவை மூடிவிடுகிறார்கள். ஏரித் தண்ணீர் தானாகவே பாய்ந்து வந்து நிரம்புகிறது. பம்ப் எதுவும் கிடையாது. இப்படி மூன்று தொட்டிகள். கப்பல் சுவரில் இடிக்காமல், இரு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் இஞ்ஜின்கள் கம்பியால் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் செல்லப் பெயர் 'கோவேறு கழுதை'! எங்கள் ராஜகிரிக் கோட்டையில் ஏறினால் எனக்கு முட்டி கழன்றுவிடும். இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டேன்.

ஒரு கப்பல் கால்வாயைக் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறதாம். அதனால்தான் 2023-ல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். குடம் சுமந்து பழகிய எனக்கு வயிறு எரிந்தது.

கப்பலில் ஒலிபெருக்கியில் கால்வாயின் கதையையும் சொன்னார்கள். என் தங்கை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சூயஸ் கால்வாயை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ், 1881-ல் இங்கேயும் வேலையைத் தொடங்கினார். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. சுமார் 20,000 பேர் இறந்தார்கள் என்கிறார்கள். 1889-ல் கம்பெனியே மூழ்கிவிட்டது. இதில் கொடுமை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்களாம். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர். கொசு அதிலேயே முட்டையிட்டு, பக்கத்துக் கட்டில்காரரைக் கடித்தது! பாவம், கொசுதான் காரணம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முக்கியத் தடயத்தை 1897-ல் நம் செகந்தராபாத்தில்தான் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். மஞ்சள் காய்ச்சலுக்கும் கொசுவே காரணம் என்று 1900-ல் கியூபாவில் நிரூபித்தார்கள். 1904-ல் அமெரிக்கர்கள் பனாமா வேலையை எடுத்தபோது, கோர்காஸ் என்ற டாக்டர் வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு மூடி, ஜன்னல்களுக்கு வலை, தேங்கிய நீரில் எண்ணெய், குழாயில் குடிநீர் என்று எல்லாம் செய்தார். இரண்டே வருஷத்தில் மஞ்சள் காய்ச்சல் அங்கிருந்து ஒழிந்தது. 1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறந்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, எங்கள் சாமான் அலமாரியின் காலடிக் கிண்ணங்களைக் கையில் எடுத்தேன். "எறும்பு மொய்ச்சா நீயா பதில் சொல்லுவே?" என்றார் மாமியார். "கிண்ணம் இருக்கட்டும் அத்தை, தண்ணிக்குப் பதிலா எண்ணெய் ஊத்தலாம்" என்றேன். இரண்டு பேருக்கும் சம்மதம். எறும்பும் வரவில்லை.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். வீட்டிலிருக்கும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பக்கங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்குமாம். வெறுமனே கொட்டினால் போகாது. மொட்டை மாடியில் கிடக்கிற தேங்காய்த் தொட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே இதையும் செய்துவிடுகிறோம். பதினோரு வீடு சேர்ந்திருக்கிறது. மீதி நாலு வீட்டுக்காரர்களிடம், கார்த்திகை மழைக்குள் எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.