உம்மாவின் வெள்ளைச் சேலை

தார்வாடிலிருந்து ஹளியாள் செல்லும் பேருந்தில் ஏறியபோது என் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. மர்ஹூமா உம்மாவின் பழைய சேலைகள் அவை. உடுத்தவும் ஆகாது, வீசியெறியவும் மனம் வராது. ஹளியாளை அடுத்த ஊரில் மதரஸா நடத்தும் நண்பர், “அவற்றை இங்கே கொண்டு வாருங்கள்” என்று எழுதியிருந்தார்.

தேக்கு மரங்கள் அடர்ந்த உத்தர கன்னட மாவட்டம், சித்தி மக்களின் வாழ்விடம். தமிழில் சித்தி என்றால் சிற்றன்னை. அங்கோ அது ஓர் இனத்தின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவிலிருந்து தப்பிக் காடேறியோரின் வழித்தோன்றல்கள் இவர்களுள் பலர். 2003ஆம் ஆண்டில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம், இந்து, கிறித்தவர் என மூன்று சமயத்தாரும் இவர்களில் உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர்.

நண்பர் என்னை ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பழைய பருத்திச் சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. வரைபடம் இல்லை, கண்ணே அளவுகோல்.

அவர் இரண்டு கவந்திகளை விரித்துக் காட்டினார். தையல் ஒன்றே, தோற்றமோ வேறு. வெளிறிய துணிகளால் ஆன முதலாவது, தொலைவிலிருந்து பார்க்கையில் ஒரே மூடுபனியாய்த் தெரிந்தது. இரண்டாவதில் கருநீலத்தின் அருகே மஞ்சளும், சிவப்பின் அருகே பச்சையும் அமைந்திருந்ததால் ஒவ்வொரு துண்டும் தனித்து நின்றது. பருத்தித் துண்டு அடங்கித் தோன்ற, அதனருகே பாலியெஸ்டர் துண்டு மின்னியது. பெரிய பூப்போட்ட துணியைச் சிறிதாய் நறுக்கியபோது பூ மறைந்து நிறம் மட்டுமே எஞ்சியது.

என் மூட்டையை அவிழ்த்தேன். அரக்கு, ஊதா, கரும்பச்சை. அடியில் வெள்ளைச் சேலை. வாப்பா வஃபாத்தானபின் உம்மா உடுத்தியது. அதனை ஒதுக்கி வைத்தேன்.

“ஆபா, இது வேண்டாம். துக்கத்தின் நினைவு” என்றேன் எனக்குத் தெரிந்த உருதுவில்.

அவர் மறுமொழி கூறாமல் அரக்கையும் ஊதாவையும் அருகருகே வைத்தார். இரண்டும் கலங்கி ஒரே இருளாயின. பின்னர் இடையில் வெள்ளைத் துண்டொன்றைச் செருகினார். அரக்கு அரக்காகவும் ஊதா ஊதாவாகவும் விழித்துக்கொண்டன.

“பாயி, இதை எடுத்துவிட்டால் மற்றவை எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

நான் பேசவில்லை. மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் கூறுவதை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் நடத்துகிறேன். அதன் பொருள் அன்று என் கண்முன் விரிந்து கிடந்தது.

மூன்று மாதங்கள் கழித்துக் கவந்தி அஞ்சலில் வந்தது. நான்கு மூலைகளிலும் துணியை மடித்து அடுக்கிய சிறு மலர்கள். அவை இல்லாத கவந்தி ஆடையற்றது என்பது அப்பெண்களின் கருத்து.

வீட்டில் பழந்துணிகளைப் பிரிக்கும் சகோதரிகள் வெளிர்நிறத் துணியை முதலில் கழித்துவிட வேண்டாம். இப்போது என் இளைய மகள் அந்தக் கவந்தியைப் போர்த்தியே உறங்குகிறாள். வெள்ளைத் துண்டைத் தொட்டு, “இதுவும் வாப்பும்மாவுடையதா?” என்று கேட்டாள்.

“ஆம் மகளே” என்றேன். அதற்குமேல் சொல்ல என்னால் இயலவில்லை.