'வெயிட்' பார்க்காதீங்க... 'ரூட்' பாருங்க!

ஹாஸ்டல் சாப்பாடு, செமஸ்டர் டென்ஷன், ராத்திரி பரோட்டா... சட்டை பட்டன் 'என்னை விட்டுடுப்பா'ன்னு கெஞ்சுதா? 'நாளையிலிருந்து ஓடப்போறேன்'னு சபதம் போட்டு, மூணாவது நாளே போர்வைக்குள்ள சரண்டர் ஆகிட்டீங்களா? கவலையை விடுங்க ஃப்ரெண்ட்ஸ். தர்மபுரி மாவட்ட மேப்பை எடுங்க!

மேப் எதுக்கு? சொல்றேன்.

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். ஒரு முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதாவது, மீன் வறுவல் சாப்பிட நாம பஸ்ஸில் போகிற தூரமே மாரத்தானைவிட ஜாஸ்தி! இந்த ரூட்டைத்தான் நீங்க ஓடிக் கடக்கப் போறீங்க. பயப்படாதீங்க, ஒரே நாளில் இல்லை. அதுவும் பக்கத்து கிரவுண்டைச் சுற்றியே!

1996-ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவுக்காக ஒரு திட்டம் போட்டார். சோபாவே கதின்னு கிடக்கிறவங்களையும் ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடவைக்கிற திட்டம். வாரம் மூணே நாள். முதல் வாரம், 5 நிமிஷம் வேக நடை. அப்புறம் 60 செகண்ட் மெல்லோட்டம், 90 செகண்ட் நடை... மாற்றி மாற்றி 20 நிமிஷம். அவ்வளவுதான்! போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். ஒன்பதாவது வாரம் நிற்காமல் 30 நிமிஷம் ஓடணும்.

நடையையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியா மூன்றரை கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. மேப்பில் கோடு போட்டுக்கிட்டே வாங்க. மூணு, நாலு வாரத்தில் பென்னாகரம் வந்துடும். ஐந்தாவது வாரக் கடைசியில் ஒகேனக்கல் அருவி! ஒன்பதாவது வாரம் முடியும்போது திரும்பி தர்மபுரி. 92 கிலோமீட்டர்... போய்ட்டு வந்துட்டீங்க!

'இதுக்கு வெயிட் மெஷினே போதுமே'ன்னு கேட்பீங்க. அங்கேதான் சிக்கல். 80 கிலோ இருக்கிறவர் இப்படி ஒருநாள் ஓடி நடந்தா, செலவாகிறது சுமார் இருநூற்றுச் சொச்சம் கலோரி. ரெண்டு பரோட்டா, சால்னாவில் அது திரும்பி வந்துடும். அதனால் முதல் சில வாரம் முள் பெரிசா அசையாது. பலபேர் 'சே, வேஸ்ட்'னு நிறுத்துறது இந்த இடத்தில்தான். எடை ஏறும், இறங்கும். ஆனா, ஓடின கிலோமீட்டரை உங்ககிட்டயிருந்து யாரும் பிடுங்க முடியாது!

காலையில் மாவட்ட விளையாட்டு அரங்கம் பக்கம் போனா, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பசங்க பறப்பாங்க. கான்ஸ்டபிள் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்கணும். அது அவங்க அவசரம். உங்களுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது. ஓடிக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? அதுதான் சரியான வேகம். 'குண்டு பூசணி ஓடுது பாரு'ன்னு கமெண்ட் வரும். பெண்களுக்கு இன்னும் ரெண்டு சேர்த்தே வரும். ஒரு தோழியைக் கூட்டு சேர்த்துக்குங்க. கமெண்ட்டும் காதில் விழாது, லீவும் போட முடியாது.

ஒரு வேண்டுகோள். நிஜமாகவே ஒகேனக்கல் ரோட்டில் இறங்கிடாதீங்க, காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. லாரி பறக்கிற சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையும் வேண்டவே வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ரெண்டு, மூணு மடங்கு பாரம் காலில் இறங்கும். அதனால் செருப்பு கூடாது. நல்ல ரன்னிங் ஷூ, மண் தரை பெஸ்ட். கோடையில் வெயில் ஏறுவதற்குள் முடிச்சுடுங்க. பிரஷர், சர்க்கரை, நெஞ்சு வலி இருந்தா முதலில் டாக்டர், அப்புறம்தான் ஷூ!

'எனக்கெல்லாம் வருமா?'ன்னு இழுக்கறீங்களா? 2021-ல் தமிழக சுகாதாரத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியனுக்குச் சர்க்கரை நோய், விபத்தில் அடிபட்ட முட்டி வேற. ஐம்பது வயசைத் தாண்டி ஓட ஆரம்பிச்சு, 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு தடவைக்கு மேல் முடிச்சவர். ஓடவே முடியாதுன்னு தோணினா நடங்க. 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை தொடங்கினாங்க. நடையும் மேப்பில் கணக்குதான்!

ஒன்பது வாரம் முடிஞ்சதும் நிஜமாகவே ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடிங்க. வழியில் வர்ற ஒவ்வொரு மைல்கல்லும் நீங்க காலால் கடந்த கணக்கு. அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ், ஒரு குளியல், ஒரு தட்டு மீன்... சாப்பிடுங்க, தப்பில்லை. அப்புறம் மேப்பை மறுபடி விரிங்க.

அரூர் வழியா தீர்த்தமலை பாக்கி இருக்கே!