எரியாத பச்சை விளக்கு

ஒரு வலையமைப்பு அட்டையைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கூடும் இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று சில நாட்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். வாசிப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், ஒரே ஒரு வரியை வாசிக்கத் தவறியதால் நேர்ந்ததைப் பற்றியும் பேசலாம் என்று பிறகு தோன்றியது. தொழில்நுட்பச் சொற்களை இயன்றவரை குறைத்திருக்கிறேன். மிஞ்சியவற்றை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் கணினி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பழைய சேமிப்புக் கருவியைத் திங்கட்கிழமை காலை நிரந்தரமாக அணைத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் அதிலிருந்த 40 டெராபைட் தரவைப் புதிய சர்வருக்கு மாற்றியாக வேண்டும். ஆய்வு மாணவர்கள் சிலரின் மூன்றாண்டு உழைப்பு அது. சர்வரில் இருந்த 1 கிகாபிட் இணைப்பின் வழியே அனுப்பினால் ஏறத்தாழ 89 மணி நேரம் ஆகும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை எங்களிடம் இருந்ததோ 62 மணி நேரம். 100 கிகாபிட் இணைப்பு கிடைத்தால் கணக்குப்படி ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை. வட்டுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கா என்றாலும் ஓர் இரவில் முடிந்துவிடும். கலைக்கப்பட்ட பழைய கணினித் தொகுப்பு ஒன்றிலிருந்து கழற்றிவைத்த 100 கிகாபிட் அட்டை அலமாரியில் இருந்தது. அதைப் பொருத்தினோம்.

பொருத்தியவன், ஒப்பந்தப் பணியில் சேர்ந்து ஏழு மாதமே ஆகியிருந்த ஓர் இளைஞன். விருதுநகர்ப் பக்கத்துப் பையன். அதிகம் பேசமாட்டான். கேபிளைச் செருகினான். பச்சை விளக்கு எரியவில்லை.

முதலில் கேபிளை மாற்றினோம். பிறகு ஸ்விட்சில் வேறு துறைக்கு மாறினோம். போர்ட் என்பதற்குத் துறை என்ற சொல்லை யார் முதலில் எழுதினார்களோ, நல்ல சொல். இறங்கி அக்கரை போகும் இடம். எங்கள் படகுதான் நகரவில்லை. ட்ரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். பிழைதிருத்தும் முறை இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டாலும் இவ்வேகத்தில் இணைப்பு எழாது என்பதால், ஸ்விட்சில் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நள்ளிரவில் இயங்குதளத்தையே புதிதாக நிறுவினேன். அட்டையின் நிலையைக் காட்டும் கருவியை அதற்குள் இருபது முறையாவது ஓட்டியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "டவுன்" என்ற ஒரே சொல்லைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினேன்.

இடையில், எட்டு மணி இருக்கும், அவன் அருகில் வந்து நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?"

"கேபிளை இந்த மடக்கு மடக்கினா எப்படிப்பா லிங்க் வரும்? மொதல்ல அதைப் பாரு."

இவ்வகைச் செப்புக் கேபிள்கள் தடித்தவை. அளவுக்கு மீறி வளைத்தால் கெட்டுவிடும் என்பது உண்மைதான். அவன் செருகிய கேபிளும் ரேக்கின் ஓரத்தில் சற்று வளைந்தே இருந்தது. அந்த அரை உண்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒன்பது மணிக்கு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: பொருத்தும்போது கவனக்குறைவால் கேபிளோ அட்டையோ சேதமடைந்திருக்கலாம், தரவு மாற்றம் தாமதமாகும். பொருத்தியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்; பெயரை எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவனுக்கும் அதன் நகல் போயிற்று.

அதிகாலை மூன்று மணிக்கு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், அந்தக் கருவியின் வெளியீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். "டவுன்" என்ற வரிக்கு அடுத்து, "போலிங்" என்றிருந்தது. அட்டை செத்துக் கிடக்கவில்லை. மறுமுனையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில்தான் வரவில்லை என்று அதற்குப் பொருள். கடைசி வரியில், இணைப்பின் வகை இன்ஃபினிபேண்ட் என்று எழுதியிருந்தது.

சற்று விளக்க வேண்டும். நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருப்பது ஈதர்நெட். 1973-இல் பாப் மெட்கால்ஃப் ஸெராக்ஸ் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பொன்றில் பிறந்தது. ஒளியைச் சுமப்பதாக இயற்பியலாளர்கள் ஒரு காலத்தில் நம்பிய, இல்லாத அந்த ஈதரின் பெயரைத் தாங்கியது. இன்ஃபினிபேண்ட், போட்டியிட்ட இரு முயற்சிகள் 1999-இல் ஒன்றானதில் உருவாகி, மீக்கணினிகளுக்குள் பெரிதும் புழங்குவது. ஈதர்நெட்டில் ஒவ்வோர் அட்டையும் தன் முகவரியோடே வருகிறது. எது எங்கே இருக்கிறது என்பதை ஸ்விட்ச் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இன்ஃபினிபேண்டிலோ மேலாளர் நிரல் ஒன்று இருந்து, இடங்களையும் பாதைகளையும் பங்கிட்டுத் தருகிறது. பேச்சு இப்படி வேறு வேறு. ஆனால் 100 கிகாபிட்டில் இரண்டுக்கும் துறையின் வடிவம் ஒன்று, கேபிள் செருகும் முனையும் ஒன்று. எங்கள் அட்டை இரண்டும் பேசத் தெரிந்தது. எதைப் பேசுவது என்பதை ஓர் எண்ணாகத் தன் நினைவகத்திலேயே குறித்துவைத்திருக்கும். பழைய தொகுப்பில் இன்ஃபினிபேண்ட் பேசியது. புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டுப் பேச்சிலேயே இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றினால் என்ன, குறிப்பு அட்டைக்குள் அல்லவா இருக்கிறது.

1 என்றிருந்ததை 2 என்று மாற்றி, சர்வரை அணைத்து எழுப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது. முதலில் செருகிய அந்த வளைந்த கேபிளையே மீண்டும் செருகிப் பார்த்தேன். அதிலும் எரிந்தது.

அவன் நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதைத்தான் சார் சொல்ல வந்தேன். அந்த க்ளஸ்டர நான்தானே கழட்டினேன், எல்லாம் இன்ஃபினிபேண்ட்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிறு மாலைக்குள் 40 டெராபைட்டும் வந்து சேர்ந்து, சரிபார்த்தும் முடிந்தது. மேலாளருக்கு இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினேன்: அமைப்பில் இருந்த ஒரு பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. செயப்பாட்டுவினையின் பயனை அன்று முழுமையாக அறிந்தேன். யாருடைய பிழை, யார் எட்டு மணிக்கே அறிந்திருந்தார் என்பவை அந்த வாக்கியத்தில் நுழைய வழியே இல்லை. கேபிள் சேதம் என்ற முதல் மின்னஞ்சலை நான் திரும்பப் பெறவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. நிதியில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதுவே காரணமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடுமே என்ற அச்சம்.

அவன் போன பிறகு ஒருநாள் அலமாரியைத் திறந்தேன். மிச்சமிருந்த அட்டைகள் ஒவ்வொன்றின் உறையிலும் சிறு தாள் ஒட்டியிருந்தது. அவனுடைய கையெழுத்து. எந்தக் கணினியிலிருந்து கழற்றியது, துறை இப்போது எந்த வகையில் இருக்கிறது என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: "செருகும் முன் படிக்கவும்."